உயரமான வண்டி

பழைய காரைக் கொடுத்துவிட்டு வேறு வாங்குவது என்று முடிவானதும் தனப்பிரியா கேட்டது ஒன்றுதான். ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் தன் அக்காவின் வண்டியைவிட அது உயரமாக இருக்க வேண்டும்.

“அம்மாவுக்கு முழங்காலு ஆகாது. ஒருக்காக் கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சுப் பாத்துருலாம்” என்றான் கணவன் மோகன்குமார்.

“அதெல்லாம் பழகிக்குவாங்க. நீங்க மொதல்ல வண்டிக்குச் சொல்லுங்க.”

பழைய காரைப் பக்கத்து வீட்டில் இருந்த கொழுந்தன் குணசீலன் எடுத்துக்கொண்டான். நாம் வேண்டாமென்று தள்ளியதுதானே என்று தனப்பிரியாவுக்கு உள்ளூர இளக்காரம்.

புது வண்டி வந்த அன்று மாமியார் ஆத்தாயி அதன் படியில் ஒரு காலை வைத்தாள். மறுகால் எழும்பவில்லை. மகன் பிடித்துத் தூக்கியதும் வலியில் கத்திவிட்டாள். அதன்பின் ஆஸ்பத்திரியோ கோயிலோ, சின்ன மருமகள், குணசீலனின் மனைவி தமிழினிதான் பழைய காரில் அழைத்துப் போனாள்.

ஜலகண்டாபுரத்தில் ஒரு கல்யாணம். முன்னால் போன காரைத் தமிழினி ஓட்டினாள், பக்கத்தில் ஆத்தாயி. பின்னால் புது வண்டியில் வந்த தனப்பிரியாவுக்கு அதன் பின்கண்ணாடி வழியே இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்புவதும் சிரிப்பில் குலுங்குவதும் தெரிந்தன. தன்னோடு வந்த நாளில் மாமியார் இப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. அப்படி என்னதான் பேசுகிறார்கள்?

மண்டபத்து வாசலில் உறவுக்காரர்கள் பழைய காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“சின்னவ மாமியாள எப்புடித் தாங்கறா பாரு!”

புது வண்டியை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தனப்பிரியா மாமியாரின் கையைப் பிடித்தாள். “அத்தை, நம்ம வண்டீல வாங்க. ஸ்டூல் போட்டு ஏத்தறேன்.”

“வேண்டாஞ்சாமி. எனக்கு இதே சௌகரியமா இருக்குது.”

தனப்பிரியா கணவன் பக்கம் திரும்பினாள். “வாங்கறப்பவே நீங்க சொல்லீருக்கலாமில்ல?”

“சொன்னேன்” என்றான் அவன்.

அவள் விறுவிறுவென்று போய்ப் பழைய காரின் பின்கதவைத் திறந்து, காலிச் சீர்த்தட்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். மோகன்குமார் புது வண்டியைத் தனியே ஓட்டி வந்தான்.

வழியெல்லாம் முன்சீட்டில் மாமியாரும் தமிழினியும் கல்யாணப் பெண்ணின் புடவையைப் பற்றிப் பேசினார்கள். தனப்பிரியா இரண்டு முறை வாய் திறந்தாள். பேச்சு அவள் பக்கம் திரும்பவில்லை. ஊர் நெருங்கும்போது முன்னால் குனிந்து சொன்னாள்.

“தமிழினி, இந்தக் கார எப்பவாச்சும் விக்கறதா இருந்தா மொதல்ல எங்கிட்டச் சொல்லு.”

“விக்கற நெனப்பே இல்லீங்கக்கா” என்றாள் தமிழினி, சாலையைப் பார்த்தபடி.