பழ வாசனை

என் மகள் பொய் சொல்கிறாள் என்று ஒன்பது நாள் நம்பினேன். சும்மா நம்பவில்லை, வீட்டையே இரண்டாக்கிவிட்டு நம்பினேன்.

நான் குளிர்பதனக் கிடங்குகளில் மெக்கானிக். கம்ப்ரெசர் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். பெட்டியோடு வருகிற காகிதத்தைப் படிக்கும் பழக்கம் மட்டும் கிடையாது. அதெல்லாம் வேலை தெரியாதவனுக்கு.

மகளுக்குப் பதினைந்து வயது. பதிமூன்றில் டைப் ஒன் சர்க்கரை நோய் வந்தது. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிட்டது, ஊசிதான் உயிர். சாப்பாட்டை அளந்து, விரலைக் குத்திப் பார்த்து, தினமும் நாலு ஊசி அவளே போட்டுக்கொள்வாள். மருந்து வாங்குவதும் வைப்பதும் என் பொறுப்பு. குளிரில் வைக்க வேண்டிய சமாசாரம் ஆயிற்றே.

எங்கள் ஃபிரிட்ஜின் கதவு ரப்பர் தளர்ந்து கீழ்த்தட்டில் குளிர் நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் பழுது பார்ப்பவனுக்குச் சொந்த வீட்டு ரப்பரை மாற்ற நேரமில்லை. புதிதாக வாங்கிய மூன்று குப்பிகளையும் ஃப்ரீசரில் வைத்தேன். மீனே அங்கே மாதக்கணக்கில் கெடாது, மருந்து கெடுமா? பழைய குப்பி தீர்ந்ததும் ஒன்றை எடுத்து, இளகவிட்டு, அவளிடம் கொடுத்தேன். அது கல்லாக இருந்ததை அவள் பார்க்கவில்லை.

வழக்கமாக இருநூறைத் தாண்டாத சர்க்கரை அன்றே மீட்டரில் முந்நூறு. மறுநாள் முந்நூற்று அறுபது.

“என்னத்த தின்ன?”

“ஒண்ணும் திங்கலப்பா. மருந்துதான் வேலை செய்யல. வேற வாங்கிப் பாப்போம்.”

“மருந்து புதுசு. நீ வாயக் கட்டு.”

அவள் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தேன். மிட்டாய்கள் விழுந்தன. சர்க்கரை திடீரென்று இறங்கினால் மயங்கி விழாமலிருக்க நர்ஸ் வைத்துக்கொள்ளச் சொன்னவை. அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் குப்பையில் கொட்டினேன்.

“குடம் குடமா தண்ணி குடிக்கிறா, ஓயாம பாத்ரூம் போறா, பாவாடை இடுப்புல நிக்கல. தின்னா இப்படியா இளைப்பா?” என்று மனைவி கேட்டாள்.

“நீ குடுக்கிற செல்லம்தான்” என்று அவள் வாயையும் அடைத்தேன். சமையலறைக்குப் பூட்டுப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை மகளைக் கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னேன். கனிந்த பழ வாசனை. எங்கள் வீட்டில் பழம் வாங்கி ஒரு மாதமாகியிருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அதை இப்போது சொல்லவே கூசுகிறது.

“எந்தக் கடையில தின்ன?”

அவள் தரையிலேயே வாந்தி எடுத்தாள். ஓடி வந்தவளைப்போல் மூச்சு வாங்கியது. நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மனைவி என்னைத் தள்ளிவிட்டு வண்டி பிடிக்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினார்கள். நான் நர்ஸிடம் புகார் வாசித்தேன். “திருட்டுத்தனமா பழம் திங்கிறா சிஸ்டர். நானே மோந்து பாத்தேன்.”

“அது பழம் இல்லைங்க. இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்ப எரிச்சா ரத்தமே அமிலமாயிடும். அதோட வாசனைதான் மூச்சுல வரும். இன்னும் அரைநாள் விட்டிருந்தா புள்ளய பாத்திருக்க மாட்டீங்க.” பிறகு கேட்டார். “மருந்த எங்க வச்சீங்க?”

“ஃப்ரீசர்ல. நல்லா உறைஞ்சு இருந்துச்சு. இளகவிட்டுத்தான் குடுத்தேன்.”

நர்ஸ் என்னையே பார்த்தார். “ஒரு தடவ உறைஞ்சா அதுக்கப்புறம் அத நம்பவே கூடாதுங்க. உறைய வைக்காதீங்கன்னு அட்டையிலயே போட்டிருக்கே. ஒன்பது நாளா உங்க பொண்ணு முக்காவாசி வீரியம் போன மருந்தத்தான் குத்திக்கிட்டிருந்திருக்கா.”

“நீங்கதான சொல்லியிருக்கணும்” என்று எரிந்து விழுந்தேன். வார்டே திரும்பிப் பார்த்தது. கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பிள்ளையை நான்தான் அந்தக் கட்டிலில் கிடத்தியிருந்தேன். அவள் கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நர்ஸ் புதுக் குப்பியை என்னிடம் நீட்டினார்.

“எங்கிட்ட குடுங்க சிஸ்டர்” என்றாள் மகள்.

“நானே வச்சுக்கறேன் கண்ணு. ரப்பர மாத்திட்டேன். இனிமே கீழ்த்தட்டுலயே...”

“அவர் தொட வேண்டாம்” என்றாள் நர்ஸிடம்.

நர்ஸ் குப்பியை அவள் கையில் வைத்து, எப்படிப் பத்திரப்படுத்துவது என்று சொல்லத் தொடங்கினார். நானும் தெரிந்துகொள்ளலாம் என்று ஓர் அடி முன்னால் வந்தேன். மகள் கையைக் காட்டி நர்ஸை நிறுத்திவிட்டு, நான் வெளியே போகும்வரை காத்திருந்தாள்.