அண்ணிக்கு எந்த ப்ரீஆம்ப்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கொசுவால் வந்தது. புது டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, இசைத்தட்டை வைத்து, ஊசியை இறக்கிவிட்டு என் வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்தார். ஸ்பீக்கரில் ஏதோ முனகியது. "உள்ள கொசு பூந்துடுச்சு போல" என்றார். நான் பேனாவை எடுத்தேன். எழுதுகிறவளைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி. ஆள் முழிக்கும்போது உதவிக்கு வரமாட்டாள், குறிப்பெடுப்பாள்.

கொசு ஒன்றும் இல்லை. ஊசி எடுத்துக் கொடுக்கும் ஒலி மிகச் சன்னமானது. அதை ஏற்றி, சீர்செய்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். போனோ ப்ரீஆம்ப் என்று பெயர். சில ஆம்ப்ளிஃபயர்களில் உள்ளேயே இருக்குமாம், எங்களுடையதில் இல்லை. டர்ன்டேபிள் வாங்கியதிலேயே கை காலி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மழை விட்டிருந்தது. அவன் ஜன்னலருகே நின்று, வாழ்க்கையில் தான் கேட்கத் தவறிய எல்லா'

எல்லா என்ன? எனக்கே தெரியவில்லை. தவிர, இவர் ஜன்னலருகே நிற்கிற ஆளும் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே லென்ஸ் தேய்ப்பவர், வீட்டுக்கு வந்தால் காலை நீட்டத்தான் பார்ப்பார். அடுத்தது:

'குறைந்த விலையில் நல்ல ப்ரீஆம்ப் வாங்க விரும்புகிறவர்கள் முதலில் கவனிக்க'

இது கட்டுரை. படிக்கிறவர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

ஆகவே அண்ணியிலிருந்து தொடங்குகிறேன். இவருடைய அக்கா, சலவைக் கடை நடத்துகிறார். படிக்கிற காலத்தில் ஒரு இசைத்தட்டில் குழுவோடு பாடியிருக்கிறார். உறையில் அவர் பெயர் கிடையாது, 'குழுவினர்' என்று மட்டும் இருக்கிறது. வீட்டில் யாரும் நம்பியதில்லை. "வாயசைச்சிருப்பே" என்று இவரே கிண்டல் செய்வார். தட்டைப் போட்டுக் காட்ட அண்ணியிடம் கருவி இருந்ததில்லை. ஒரே ஒரு முறை இசைத்தட்டுக் கடையில் போடச் சொல்லிக் கேட்டாராம், வாசலில் போன வண்டிகளின் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லையாம்.

நாங்கள் டர்ன்டேபிள் வாங்கிய சேதி போனதும் தட்டைக் கொடுத்தனுப்பிவிட்டார். கூடவே போனும் வந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றேன். அன்னைக்குக் கேட்டுட்டு எல்லாரும் வாயை மூடுங்க."

(இங்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டும், பக்கத்தின் அடிவரை காத்திருக்கப் பொறுமையில்லை. வேலையை விட்டுவிட்டு எழுதப்போகிறேன் என்று நான் சொன்னபோது, இந்தக் குடும்பத்தில் "எழுதட்டுமே, உங்களுக்கென்ன?" என்று கேட்ட ஒரே ஆள் அண்ணி. அவர் மேல் எனக்கு அத்தனை பிரியம். நடுநிலையான கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள்.)

3

டர்ன்டேபிள் விற்ற கடைக்காரர் இரண்டு ப்ரீஆம்ப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று பிளாஸ்டிக், உள்ளங்கைக்குள் அடங்குவது, எங்களுக்குக் கட்டுப்படியாவது. மற்றது கனமான உலோகப் பெட்டி. வாஷிங் மெஷின் இன்னும் கொஞ்ச நாள் ஒழுகட்டும் என்று விட்டால் அதையும் வாங்கிவிடலாம். "ரெண்டையும் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்க, வேண்டாததைத் திங்கக்கிழமை திருப்பிக் குடுங்க" என்றார். மகராசன்.

பெரியதை முதலில் மாட்டினோம். என்ன சுகம்! மத்தளம் தரை வழியாகக் காலில் ஏறியது. குழுவினர் பாடும் இடத்தில் குரல்கள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு, பாலாடை போல வந்தன. அதில் அண்ணியைத் தேடித் தேடிப் பார்த்தோம். அகப்படவில்லை.

சின்னதை மாட்டினோம். மத்தளம் இளைத்துவிட்டது. குரல்கள் மட்டும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தன, தனித்தனியாக. குழுவினர் எடுக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே ஒரு குரல் தனியாக உள்ளே நுழைந்தது.

இவர் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். "அக்கா! சத்தியமா அக்காதான்!"

"எப்படிச் சொல்றீங்க?"

"கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் சொல்ற ஆளு நம்ம வீட்ல வேற யாரு?"

ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். அண்ணியேதான். இளவயது அண்ணி, ஊருக்கு முந்திக்கொண்டு. வயிறு வலிக்கச் சிரித்தோம். முதலில் சிரிப்பை நிறுத்தியது இவர்தான்.

"பெரிய பெட்டியில அக்கா இல்லவே இல்ல. சின்னதுல இருக்கா, ஆனா தப்பா இருக்கா."

"அண்ணிக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷம் இப்படிப் பெருமையடிச்சிருப்பாளா?"

விலையைப் பற்றிய பேச்சு அத்தோடு போயிற்று.

4

முடிவு ஒன்று: சின்னப் பெட்டி. தன் அவசரத்தைக் கேட்டு அண்ணி விழுந்து விழுந்து சிரிக்கிறார். நாங்களும்

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த இவர், "அக்கா ஊரைப் பாத்துத்தான் சிரிப்பா. தன்னைப் பாத்துச் சிரிக்கிற ஆளா?" என்றார். வாஸ்தவம். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: பெரிய பெட்டி. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணிக்குத் தன் குரல் கிடைக்கவில்லை. ஆனாலும், "கேக்குது பார், அதோ நான்" என்கிறார். நாங்களும் "ஆமாம் ஆமாம்" என்று

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இதையும் அடித்தேன்.

"நல்லா இருந்த கதையை நீயே கெடுக்கற. அப்புறம், என்னைக் 'கொசு பூந்துடுச்சு'ன்னு சொன்ன அசடா ஆக்கி வெச்சிருக்க" என்றார்.

"சொன்னீங்களே?"

"சொன்னா எழுதிடறதா?"

5

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படியேறும்போதே பேச ஆரம்பித்திருந்த அண்ணி, வாக்கியத்தின் நடுவில் உள்ளே வந்தார். பெட்டி ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் மறைவாக இருந்தது. எந்தப் பெட்டி என்று நான் சொல்லப்போவதில்லை. கடைசி நிமிடம்வரை நாங்களும் மாற்றி மாற்றித்தான் மாட்டிக்கொண்டிருந்தோம். உங்களுக்கு எது நியாயமாகப் படுகிறதோ அதைச் செருகிக்கொண்டு மேலே படியுங்கள். அண்ணி உங்களையும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தட்டு சுழன்றது. அண்ணி பேச்சை நிறுத்தினார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை, பயமாக இருந்தது. பாட்டு முடிந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மறுபடி போடு."

போட்டார். அண்ணி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவை போடுடா."

மூன்றாவது தடவை, குழுவினர் பாடும் இடம் நெருங்கியபோது, அண்ணி வாயைத் திறந்தார். கரகரத்த குரல், வஞ்சனை இல்லாத குரல். இவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தார்.

"கேட்டுதாடா? நான் இருக்கேனா இல்லையா?"

"நல்லாக் கேட்டுதுக்கா" என்றார் இவர்.