சாக்கடைக்கு சென்ட் அடித்தவர்

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் நறுமணம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு நாற்றமே ஆகாது என்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அறையில் மூலைக்கு மூலை சென்ட் டப்பா. தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் செத்து மாதக்கணக்காகிறது. அதைப்பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார். "மேல சொன்னா என் பேரு கெட்டுப்போகும்மா" என்பார்.

காற்று இல்லாவிட்டால் அழுக்கைத் தின்னும் கிருமிகள் பிழைக்காது. வந்த சாக்கடை வந்தபடியே கால்வாய்க்குப் போகிறது. கால்வாய் ஓரத்தில்தான் என் அக்கா வீடு.

"குழந்தைக்கு உடம்பெல்லாம் சொறிடி. ஜன்னலத் திறந்தா குடலப் புடுங்குது. ஆய்வகத்துல உக்காந்து என்னத்தடி கிழிக்கிற?" என்று அவளிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அவள்மேல் அல்ல.

நிலையம் எப்படி வேலை செய்கிறது என்று மதிப்பிட ஓர் அதிகாரி அம்மாள் வருகிறார் என்றதும் உயிர் வந்தது. அவர் குறை எழுதினால்தான் புது ப்ளோயர்.

நறுமணம் சும்மா இருப்பாரா? அன்று காலையிலேயே டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்து வெளியேறும் தொட்டியை நிரப்பினார். அதோடு விட்டாரா? சாக்கடை உள்ளே வரும் மதகையும் மூடி, அந்தத் தொட்டியையும் கழுவி நிரப்பச் சொன்னார்.

"சார், உள்ள வர்ற தண்ணிய எதுக்கு சார்?"

"அந்தம்மா மொதல்ல வந்து நிக்கிறதே அங்கதான். நாறினா என்ன நினைப்பாங்க? நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன்.

அதிகாரி இரண்டு இடத்திலும் மாதிரி எடுத்தார். என் மேசையிலேயே சோதித்து, உள்ளே வந்த அழுக்கில் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போட்டார். நறுமணம் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"ஒண்ணுமே குறையலையே" என்றார் அதிகாரி. "உள்ள வர்றதே குடிக்கிற மாதிரி இருக்கு. இந்த ஊருக்கு நிலையமே வேண்டாம், மூடிடலாம்னு எழுதிடறேன்."

நறுமணத்துக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ மேடம், அப்படிச் சொல்லாதீங்க! எங்க சாக்கடை படுமோசம் மேடம்! கிட்டவே போக முடியாது. நீயாவது சொல்லேம்மா!"

நான் ஏன் சொல்லவேண்டும்? அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, மேசைமேல் வைத்தேன். "நிலையத்த மதிப்பிட வந்திருக்காங்க. கால்வாய் எப்படிக்கா இருக்கு?"

அக்கா ஆரம்பித்தாள். நறுமணத்தின் ஏழு தலைமுறையையும் கால்வாயில் முக்கி எடுத்தாள். அதிகாரி குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு, ஜன்னல் வழியே வாசலில் நின்ற டேங்கர் லாரியைப் பார்த்துவிட்டு, "மதகைத் திறங்க. நாளைக்கு வரேன். லாரி கண்ணுல படக்கூடாது" என்று கிளம்பினார்.

மறுநாள் அசல் சாக்கடை வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு மாதிரியும் எடுத்தார். இரண்டும் ஒரே கறுப்பு. சோதித்தால், நேற்று வந்த அதே விடை.

"நேத்து போட்ட கணக்கு தப்பில்ல சார்" என்றார். "நிலையம் ஒண்ணுமே செய்யல. எங்க உங்க ப்ளோயர்?"

நறுமணம் என்னைப் பார்த்தார். நான் ப்ளோயர் அறைச் சாவியை எடுத்து நீட்டினேன்.

வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டேன். "பெயில் ஆயிட்டோம்க்கா. புது ப்ளோயர் உடனே போடணும்னு எழுதிட்டாங்க."

"அப்பாடா! இப்பதான்டி உருப்படியா ஒரு வேலை பாத்திருக்கீங்க" என்றாள்.