மாயவன் போட்ட பூட்டு

உப்பு ஆலையில் நீராவிக் குழாயைப் பிரிப்பதென்றால் ஒரு வால்வை மட்டும் மூடிவிட்டு நம்பக் கூடாது. இரண்டை மூடி, நடுவிலிருக்கும் சின்ன வால்வைத் திறந்துவிட வேண்டும். முதல் வால்வு கசிந்தாலும் ஆவி அந்த வழியாக வெளியேறிவிடும், வேலை செய்கிறவன் மேல் பாயாது. பிறகு அவன் மூடிய வால்வில் தன் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வான். அவன் வந்து திறக்கிறவரை எமனே வந்தாலும் வால்வைத் தொடக் கூடாது. பூட்டுக்காரனைக் காணோமென்றால், ஆளைத் தேடிப் பிடித்துக் கண்ணால் பார்த்த பிறகுதான் பூட்டை வெட்டலாம்.

ஃபிட்டர் மாயவனுக்கு அந்தக் கடைசி விதிதான் பிடித்துப்போயிற்று. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு கீழ்புத்துப்பட்டு வீட்டில் அவரைத் தேட நாதியில்லை. சுனாமிக்கு மறு வருஷம் ஐப்பசியில் ஒருநாள் நிஜமாகவே மறந்துபோய்ப் பூட்டை வால்விலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். சூப்பர்வைசர் சதீஷும், கூட வேலை செய்யும் கன்னியப்பனும் பைக்கில் வந்து இறங்கினார்கள்.

"யோவ் மாயவா! உசுரோட கீறியா?" என்று கன்னியப்பன் வாசலிலிருந்தே கத்தினான்.

திட்டிக்கொண்டே உள்ளே வந்தவர்கள் டீ குடித்தார்கள், டிவியில் கிரிக்கெட் பார்த்தார்கள், சிரித்தார்கள். அவர்கள் போன பின்னும் கொஞ்ச நேரம் அது வீடாக இருந்தது.

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். பொங்கல் கழிந்து மறுபடி அந்தக் குழாயைப் பிரித்தபோது, வேலை முடிந்ததும் மனுஷன் வேண்டுமென்றே பூட்டை விட்டுவிட்டுக் கிளம்பினார். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் முறுக்கு வாங்கினார். வீட்டில் பாலைக் காய்ச்சி வைத்தார். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போனார். எல்லா பைக்கும் நிற்காமல் புதுச்சேரிக்கே போயின. பால் ஆடை கட்டியது.

காலையில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பூட்டு வெட்டுப்பட்டு வால்வுக்கடியில் கிடந்தது.

"யாரு சார் வெட்டுனது?"

"நான்தாண்ணே" என்றான் சதீஷ். "ஐப்பசிலயும் இதான், இப்பவும் இதான். உங்களுக்கு இதே பொழப்பாப் போச்சு."

"நான் உள்ள இருக்கறனான்னு வாட்ச்மேனையாவது கேட்டீங்களா?"

"அது எதுக்கு? உங்க பூட்டு தொங்குனா நீங்க மறந்துட்டு வூட்ல குந்தினு இருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

மாயவன் குனிந்து வெட்டுப்பட்ட பூட்டை எடுத்தார். உயிருக்குக் காவலான பூட்டை அவரே கேலிப்பொருளாக்கிவிட்டார். இனி யாரைக் கோபிக்க?

அன்று மதியமே இன்னொரு குழாயில் வேலை வந்தது. இரண்டு வால்வையும் மூடினார், நடுவிலுள்ளதைத் திறந்தார், புதுப் பூட்டைப் போட்டார்.

"ஏம்பா, நான் வெளிய வர்ற வரைக்கும் இங்கயே நில்லேன்" என்று கன்னியப்பனைக் கேட்டார்.

"டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று அவன் போய்விட்டான்.

குழாய்க்கடியில் மல்லாந்து படுத்தவருக்குக் கை ஓடவில்லை. ஸ்பேனரால் குழாயைத் தட்டினார்.

"நான் இங்கதான் இருக்கேன்!"

மறுபடியும் தட்டினார்.