வாட்டம்

ஏழாவது மாடிக் குளியலறையில் டைல்ஸ்காரன் மண்டியிட்டுத் தரை பதித்துக்கொண்டிருந்தான். கலவைச் சட்டியோடு படியேறி வந்த மனைவி, சட்டியை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு மாசம். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"கொஞ்சம் தண்ணி குடியேன்."

"குடிச்சா போகணும். எங்க போறது?"

பெண்கள் ஒதுங்கவென்று கட்டடத்துக்குப் பின்னால் வைத்த தகர மறைப்பு என்றோ காற்றில் சாய்ந்தது, சாய்ந்தபடியே கிடந்தது. விடியுமுன் முட்புதர்ப் பக்கம் ஒருதரம், இருட்டினபின் ஒருதரம். நடுவில் வாயை நனைப்பதோடு சரி. "உள்ள இருக்கிறவன்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், அடக்கிக்கிட்டு இருடான்னு," என்று சிரிப்பாள்.

அன்று அவன் சூப்பர்வைசரிடம் போய் நின்றான்.

"முடிஞ்ச பாத்ரூம் ஒண்ணைத் திறந்து விடுங்க சார். பொம்பளைங்க மட்டும் போகட்டும். நானே கழுவி விட்டுடறேன்."

"வீடு வாங்கறவங்க வந்து பாக்கற நேரம்பா. நாத்தம் கீத்தம் அடிச்சா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

அவர் குரலில் கோபம்கூட இல்லை.

சில நாளாகவே அவளுக்கு நீர் பிரியும்போது எரிந்தது. கூச்சப்பட்டுக்கொண்டு புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. குளிர்க்காய்ச்சல் வந்தபோதும் வெயில்தான் என்றாள். இடுப்பைச் சுற்றிப் பிடுங்கியெடுத்த பிறகுதான் வாய் திறந்தாள். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"அடக்கி அடக்கிக் கிருமி மேல ஏறியிருக்கு," என்றாள் நர்ஸ். "நிறையத் தண்ணி குடிக்கணும்னு தெரியாதாம்மா?"

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிரவே பிரசவ வலி கண்டது. குழந்தை அழவில்லை. துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். அவன் இரண்டு கையையும் நீட்டினான். ஒரு கையே போதுமாயிருந்தது. பெண் குழந்தை.

"என்ன புள்ள?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள்.

சொன்னான்.

"தெரியாம டா போட்டே பேசிட்டிருந்தேனே," என்றாள்.

அவன் வேலைக்குத் திரும்பியபோது ஏழாவது மாடிக் குளியலறையில் சாந்து காய்ந்திருந்தது. சூப்பர்வைசர் தோளைத் தொட்டார். "கேள்விப்பட்டேன்பா. மனசைத் தேத்திக்க." பிறகு தரையைக் காட்டினார். "தண்ணி ஓடற வாட்டம் சரியா இருக்கான்னு பாத்துடு. சாயங்காலம் வீடு வாங்கற பார்ட்டி வர்றாங்க."

அவன் புதுக்குழாயைத் திறந்து ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்தான். நல்ல தெளிந்த தண்ணீர். தரையில் கவிழ்த்தான். நாலு மூலையிலிருந்தும் ஓடி வந்து, எங்கேயும் தேங்காமல், ஓட்டைக்குள் இறங்கிப் போயிற்று.

"இன்னொரு பக்கெட் ஊத்து," என்றார் சூப்பர்வைசர்.

ஊற்றினான். அதுவும் போயிற்று. தன் காலடி பட்ட இடத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே பின்வாங்கி வெளியே வந்தான். சூப்பர்வைசர் கதவைச் சாத்திப் பூட்டினார்.