மீட்டர் பேசாத பயணம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டிலிருந்து கிடைத்தது.

பாலைவனம் நேராகக் கடலில் போய் இறங்கும் ஒரு கரையோரம், நானும் என் வீட்டுக்காரரும் சுற்றுலாப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் மணல் குன்று, மறுபக்கம் அலை, நடுவில் தார்ச்சாலை. சாலையை விட்டு இறங்கி, ஈரம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு பழைய கார் மணலில் புதைந்து நின்றது. பின்சக்கரத்தின் பக்கத்தில் ஒருவர் மண்டியிட்டு எவர்சில்வர் தட்டால் மணலை வாரிக்கொண்டிருந்தார். பின் சன்னலிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் இரண்டு பாதங்கள் வெளியே நீட்டியிருந்தன. எங்கள் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தார். அந்த மனிதர் நிமிர்ந்து, 'நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்' என்பதுபோல் தட்டை ஆட்டினார். வெயிலில் தட்டு மின்னியது. அவ்வளவுதான் நான் பார்த்தது.

மிச்சமெல்லாம் நான் கட்டியது. அப்பா வெயிலில் மண்டியிட்டிருக்கும்போது அந்தப் பாதங்கள் ஏன் இறங்கி வரவில்லை? இந்தக் கேள்வி பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி என்னோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மணலின் மௌனமும் கடலின் முழக்கமும் கைகோக்கும் அந்தப் பொன்மாலையில் ஒரு குடும்பம்—'

நான் எழுதுவதை முதலில் படிப்பவர் என் வீட்டுக்காரர். காதில் செருகிய பென்சிலை எடுத்தார். “நல்லா இருக்கு. கடைசியில முன்பதிவுக்கு போன் நம்பர் போடுவியா?” என்றார்.

அடித்துவிட்டேன். அடுத்தது:

'அவர் ஒரு கோபக்காரர். பெற்ற பிள்ளையிடம்கூட—'

இதை நானே அடித்தேன். அந்த மனிதர் தட்டை ஆட்டிய விதத்தில் கோபம் இல்லை. பொய்யாக ஒருவரைக் கெட்டவராக்குவது கதையில்கூடப் பாவம்தான் என்று நினைக்கிறவள் நான். (இதற்காக என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும், நல்லதுதான்.)

மூன்றாவது தொடக்கம் அடிபடாமல் நின்றது: 'புறப்படுவதற்கு முன் காற்றுக்காரர் நான்கு டயர்களுக்கும் கல்லு மாதிரி காற்று ஏற்றினார்.'

3

காற்றுக்காரர் என்றால் டயர் கடை வைத்திருப்பவர். வண்டிகளுக்குக் காற்றடிப்பார், பஞ்சர் ஒட்டுவார், நின்றுபோன வண்டியைப் பார்த்து 'உச்' கொட்டுவார். தெருவில் அவர் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அவர் குந்தி உட்கார்ந்து டயரின் வாயில் குழாயைப் பிடிப்பார். அழுத்தம் காட்டும் முள் அவருக்குப் பின்னால், சுவரில் இருக்கும். திரும்பிப் பார்க்காமலே, “எவ்வளவு?” என்பார். பின்னால் நிற்கும் மகள் எண்ணைச் சொல்வாள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே முள்ளைப் படிக்கக் கற்றவள். அதனால் அவளுக்கு 'மீட்டர்' என்று பெயர் வைத்தார். “மீட்டரு, எவ்வளவு?” “இன்னும் கொஞ்சம்ப்பா.” “இப்ப?” “போதும் போதும், வெடிச்சிரும்!” இப்படியே பத்தாம் வகுப்பு வரை வளர்ந்துவிட்டாள்.

போன கோடையில் ஒருநாள் அவளுடைய வகுப்புத் தோழிகள் சைக்கிளோடு வந்தார்கள். மீட்டர் தானே குழாயை எடுத்துக் காற்றடித்தாள். ராணி மாதிரி நின்று அடித்தாள். அப்போது ஒரு வாடிக்கையாளர், “என்னங்க, ஆள் கிடைக்கலன்னு பொண்ணையே வேலைக்கு வச்சுட்டீங்களா?” என்று சிரித்தார். காற்றுக்காரருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வந்த வெட்கத்தை அந்த ஆள் மேல் எறியத் தெரியாமல் மகள் மேல் எறிந்தார்.

“கையை எடு! பொம்பளைப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை? உள்ள போ!”

தோழிகள் முன்னால்.

மீட்டர் குழாயைத் தரையில் போடவில்லை. கொக்கியில் ஒழுங்காக மாட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் அவரை 'அப்பா' என்று கூப்பிடவில்லை.

(கொக்கியில் மாட்டியதை எழுதும்போது என் கண் கலங்கியது. வீட்டுக்காரர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக் போட்டார்.)

4

மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியவில்லை. சில அப்பாக்களுக்கு அந்த வார்த்தை தொண்டையில் குறுக்கே நிற்கும். ஆனால் கடைச் சுவரில் டயர் கம்பெனிக் காலண்டர் தொங்கியது. அதில் ஒரு படம்: மணல் குன்று சரிந்து சரிந்து கடலுக்குள் இறங்குகிறது. எப்போதோ மீட்டர் அதைப் பார்த்து, “இது நிஜமாவே இருக்காப்பா?” என்று கேட்டிருந்தாள். அவர் அந்தக் கேள்வியைப் பத்திரமாக வைத்திருந்தார். கடையை மூடினார். காரை எடுத்தார்.

டிக்கியில் அவர் எப்போதும் ஒரு கால் பம்பு வைத்திருப்பார். மிதித்தால் காற்று ஏறும், தலையில் ஒரு குட்டி முள். அதை அவருடைய மனைவி எடுத்து வெளியே வைத்தாள்.

“இந்தப் பயணத்துல கடைப்பேச்சே வேண்டாங்க. அந்தப் பம்பைப் பார்த்தாலே பிள்ளைக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும்.”

“பம்பு இல்லாம எப்படி—”

“நாலு டயரும் கல்லு மாதிரி இருக்கில்ல? போதும்.”

பிள்ளைக்காக அவர் ஒத்துக்கொண்டார். கண்ணை மூடி, கடவுளே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பின்சீட்டில் மீட்டரும் காற்றுக்காரரின் அக்காவும். அந்த அத்தை பேசாமல் இருந்தால் உடம்புக்கு ஏதோ என்று வீட்டில் பயந்துவிடுவார்கள்.

“அம்மா, ஏசியைக் குறைக்கச் சொல்லு,” என்றாள் மீட்டர்.

“என்னங்க, ஏசியைக் குறைக்கணுமாம்.”

“ரொம்பக் குளிருதான்னு கேளு.”

“ரொம்பக் குளிருதாடி?”

“குளிருதுன்னு சொல்லு.”

அத்தை கைகொட்டிச் சிரித்தாள். “ஒரே வண்டிக்குள்ள தபால் ஆபீஸ் நடத்துறீங்களே! இந்தா, எனக்கும் ஒரு தபால். பசிக்குதாம்னு உன் புருஷன்கிட்ட சொல்லு.”

“அக்கா, இப்பத்தானே சாப்பிட்ட?”

“பார்த்தியா, எனக்கு மட்டும் நேரடி பதில்!”

கண்ணாடியில் காற்றுக்காரர் மகளைப் பார்த்தார். அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவர் பார்ப்பதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

5

காலண்டர் இடம் வந்தது. அவர் சாலையோரத்திலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மகள் வண்டியில் உட்கார்ந்தபடியே அந்தப் படத்தைப் பார்க்கட்டும் என்று மணலில் இறக்கினார்.

இங்கேதான் என் வீட்டுக்காரர் மடக்கினார். “டயர் கடைக்காரர் இந்தத் தப்பைச் செய்வாரா? மணல்ல போற வண்டிக்குக் காத்தைக் குறைக்கணும்னு அவருக்குத் தெரியாதா?”

தெரியும். மணல் பக்கம் போகிறோம் என்று எத்தனையோ பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள். 'இறுக்கமா இருந்தா டயர் கத்தி மாதிரி மண்ணை வெட்டிட்டு உள்ள போயிரும், கொஞ்சம் தளர்த்தினா விரிஞ்சு மேலயே நடக்கும்' என்று அத்தனை பேருக்கும் சொல்லி அனுப்பியவர் அவர்தான். ஆனால் தன் பிள்ளைகுட்டி ஏறும் வண்டிக்கு மட்டும் கை தானாக இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிவிட்டது. போதும் என்று சொல்லும் மீட்டர் அன்று பின்னால் நிற்கவில்லை.*

(* இந்த வரியை எழுதும்வரை கதை எதைப் பற்றியது என்று எனக்கே தெரியாது.)

சக்கரம் சுழன்றது. மணல் பறந்தது. வண்டி உட்கார்ந்தது.

“காத்தை இறக்குங்களேன்,” என்றாள் மனைவி. “ஊருக்கெல்லாம் சொல்வீங்களே.”

“இறக்கிட்டு? திரும்பிப் போற தார் ரோடு பூரா கொதிக்குது. தளர்ந்த டயர்ல நாலு பேரை ஏத்திட்டு ஓடினா பக்கம் கிழிஞ்சிரும். எதால ஏத்துறது, வாயாலயா?”

அத்தை கூடையிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினாள். “இந்தா தம்பி. இதுல சாப்பாடு போட்டுக்கத்தான் கொண்டுவந்தேன். இப்ப மணலைப் போட்டுக்க.”

அவர் மண்டியிட்டு வாரத் தொடங்கினார். வார வார மேலேயிருந்து மணல் சரிந்து குழியை நிரப்பியது. மேலே இருப்பது கையைச் சுட்டது, அடியில் இருப்பது சில்லென்று ஈரமாக இருந்தது. அலை ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சற்று மேலே நுரையைப் போட்டுவிட்டுப் போயிற்று. மனைவியும் அக்காவும் இறங்கிக் கூடையைக் கரைமேல் வைத்தார்கள். மீட்டர் மட்டும் இறங்கவில்லை. சன்னலில் காலை நீட்டிக்கொண்டாள். (பேருந்திலிருந்து நான் பார்த்தது இந்த நேரத்தில்தான்.)

6

காற்றுக்காரருக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கால் பம்பு மீட்டரின் காலடியில்தான் இருக்கிறது. சீட்டுக்குக் கீழே, ஒரு துண்டில் சுற்றி.

அம்மா அதை வெளியே வைத்துவிட்டு நகர்ந்ததும் அவள் எடுத்துவந்துவிட்டாள். “ஏன்?” என்று வீட்டுக்காரர் ஓரத்தில் எழுதினார். முதலில் ஒரு காரணம் எழுதினேன்: 'அவர் தேடித் தவிக்கட்டும் என்று—' இல்லை, அடித்துவிட்டேன். அடுத்தது: 'பழக்கத்தினால்—' இது பாதி உண்மை. பம்பு இல்லாத வண்டியில் அப்பாவுக்கு நிம்மதி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். பேசாமல் இருந்த அத்தனை நாளும் அவருடைய நிம்மதி பற்றிய கவலை அவளுக்குள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வாய்க்குத்தான் கோபம். கை அன்பாகவே இருந்தது. இப்படிப்பட்ட கைகளை வைத்துத்தான் கடவுள் இந்த உலகத்தை ஓட்டுகிறார் என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே?

கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது ஏதாவது சொல்ல வேண்டும். தபால்காரி அம்மா கரைமேல் நிற்கிறாள். வண்டிக்கருகில் அவரும் இவளும் மட்டும்தான்.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் மீட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டி அழுதாள். வீட்டுக்காரர், “அப்படியே மழையும் பெஞ்சிருமா?” என்றார்.

இன்னொன்றில் ஒரு மீன் லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார்—

“உன் கதை எல்லாத்துலயும் இந்த ஆள் வர்றார்,” என்றார் வீட்டுக்காரர். “பாவம், அவருக்கும் வீடு வாசல் இருக்காதா?” லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மூன்றாவதில் மீட்டர் பம்பைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிக் கரைக்கு நடந்து, “அம்மா, இதை அவர்கிட்ட குடு,” என்றாள். இதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. காயம்பட்டவர்களை அவசரப்படுத்தக் கூடாது. அதுவும் ஒரு நியாயம்தான்.

8

இனி நடப்பது நிச்சயமாக நடந்தது.

ஓர் அலை பின்சக்கரம் வரை வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று. காற்றுக்காரர் தட்டைக் கீழே வைத்தார். திரும்பிப் போகும் வழியைப் பற்றி யோசித்தது போதும் என்று தோன்றியது. முதலில் இவர்கள் இங்கிருந்து நகர வேண்டும், மற்றதை மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான். டயரின் மூடியைத் திருகி எடுத்து, சாவி நுனியால் உள்ளே ஊசியை அழுத்தினார். ஆயுசு பூராவும் ஏற்றியே பழகிய கை. இன்று தன் வண்டியிலிருந்தே காற்றை வெளியேற்றியது. 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று அவர் முகத்தில் அடித்தது. அவருடைய கடையிலிருந்து வந்த காற்று. ரப்பர் வாடை.

கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு இறங்கியது என்று பார்க்க முள் இல்லை. அதிகமாக இறங்கினால் டயர் சக்கரத்தை விட்டே கழன்றுவிடும். குந்தி உட்கார்ந்திருந்தார், வால்வைப் பிடித்திருந்தார், அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் வாய், யாரையும் கேட்காமல், கடையில் கேட்பது போலவே கேட்டுவிட்டது:

“மீட்டரு, எவ்வளவு?”

கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது என்ன கேட்டோம் என்று. அந்தப் பெயரைக் கோடைக்குப் பிறகு அவர் சொன்னதில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. காற்று இறங்கிக்கொண்டே இருந்தது.

சன்னலிலிருந்து பாதங்கள் உள்ளே போயின.

9

இங்கே நிறுத்திக் காகிதத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்தார். பென்சிலை மறுபடியும் காதில் செருகிக்கொண்டார். “அப்புறம்?” என்றார்.

“என்னால சொல்ல முடியாதுங்க. சொல்ல வேண்டியவ அவ.”

அவர் எழுந்து வெளியே போனார். யாருக்கோ போன் செய்யும் சத்தம் கேட்டது. அவரோடு ரொம்ப நாளாகப் பேச்சில்லாத தம்பியாகத்தான் இருக்கும். அது வேறு கதை, அதை நான் எழுதப்போவதில்லை.

நான் செய்ய முடிந்தது இவ்வளவுதான். கார் கதவு திறந்தது. ஈர மணலில் துண்டு விழுந்தது. குந்தியிருக்கும் அவருக்குப் பின்னால், கடையில் வழக்கமாக நிற்கும் அதே தூரத்தில், ஒருத்தி வந்து நின்றாள். அவள் கையில் பம்பு இருந்தது, பம்பின் தலையில் முள் இருந்தது. மூன்றாவது முடிவின்படி அவரைத் தாண்டிக் கரைக்குப் போக இப்போதும் அவளுக்கு வழி இருக்கிறது. இங்கேயே நின்று பதில் சொல்லவும் இருக்கிறது. அவள் சொல்லுக்காக ஓர் இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். பென்சில் உங்கள் கையில் இருக்கட்டும்.

“. . . . . . . . . . . .”

நீளமாக எழுத வேண்டியதில்லை. ஆனால் சீக்கிரம் எழுதுங்கள். அவர் இன்னும் ஊசியை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறார்.