மிஷினுக்கு ஒருத்தர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று அக்கா சொல்வாள். பொய்யில்லை. இல்லையென்றால் ஒரு பாட்டின் கடைசிச் சரணத்துக்காக எவனாவது சர்ச்சுக்குப் போவதையே விடுவானா?

அம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. பாடகர் குழுவை நடத்துகிறவர், நாங்கள் 'சுருதி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தவர், அம்மாவுக்குப் பிடித்த பாட்டைக் கடைசிச் சரணத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். ஜனங்கள் நனைந்துவிடுவார்களாம். அம்மா தையல் மிஷினை மிதித்துக்கொண்டே பாடுவாள். அந்தச் சரணம் வரும்போதுதான் மிதி மெதுவாகும். அதைப் போய் வெட்டிவிட்டாரே என்று அவரைக் கண்டபடி பேசிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறந்து வைத்தேன். கோபம் சுருதிமேலா, கடவுள்மேலா என்று கேட்டால் எனக்கே தெரியாது. வருஷம் போகப் போக அதுவும் ஆறிவிட்டது. திரும்பிப் போகத்தான் வெட்கமாக இருந்தது.

தையல் மிஷின் ரிப்பேர்தான் என் பிழைப்பு. கொஞ்ச நாள் முன்னால் அக்கா போன் பண்ணினபோது, ஒரு மிஷினைக் கவிழ்த்துப்போட்டு உள்ளே சிக்கின நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மோட்டார் இரைச்சல். சர்ச்சில் மிஷின் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், நீ போயேன் என்றாள். வேலைக்குத்தானே கூப்பிடுகிறார்கள், ஜெபம் பண்ணவா என்று டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே பைபிளும் கையுமாக ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மிஷின் எங்கே என்று கேட்டேன். பாஸ்டர் திருதிருவென்று விழித்தார். அப்புறம்தான் தெரிந்தது, அது மிஷன் வேலை. கடல் தாண்டி ஒரு தீவுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களின் கூட்டம். நானோ கையில் எண்ணெய்க் குப்பியோடு நிற்கிறேன். அவர்கள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அசடு வழிய நான் திரும்பினபோது பாஸ்டர்தான் நிறுத்தினார். அந்தத் தீவில் பெண்களுக்கு ஒரு தையல் பள்ளி இருக்கிறதாம், மிஷினெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறதாம். உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். அவர்கள் ஜெபம் பண்ணினார்கள். அதே மர பெஞ்சு வாசனை, அதே தாழ்ந்த குரல்கள், நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். இத்தனை நாள் இதை விட்டு எப்படி இருந்தேன் என்று இருந்தது. அதற்கப்புறம் ஒரு ஆராதனையும் தவறவிடவில்லை.

போயே ஆகவேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட் வந்தது. தடுப்பூசி போட்டுக் கை வீங்கினது. ஒரே சிக்கல், யாரை அனுப்பலாம் என்று முடிவு பண்ணும் கமிட்டியில் சுருதி இருந்தார். போகிற ஒவ்வொருவரும் சபைக்கு முன்னால் வாய்விட்டு ஜெபம் பண்ணவேண்டும், அதுகூட வராதவன் மிஷன் போய் என்ன பண்ணப்போகிறான் என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுதான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். மனசுக்குள் ஆண்டவரோடு மணிக்கணக்காகப் பேசுவேன். வாய்விட்டு என்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது.

பெட்டி கட்ட அக்கா வந்தாள். சட்டையைவிடத் திருப்புளிதான் அதிகம் இருக்கிறது என்று திட்டிக்கொண்டே மடித்தாள். பேச்சு அம்மாவிடம் போனது. சாயங்காலம் தைப்பதை நிறுத்தி, எங்கள் இரண்டு பேரையும் மிஷின் பக்கத்தில் முழங்கால் போட வைப்பாள். எண்ணெய் வாசனை வரும். தரையெல்லாம் துணித்துண்டு கிடக்கும். எழுந்திருக்கும்போது முழங்காலில் நூல் ஒட்டிக்கொண்டு வரும், அதை அவளே தட்டிவிடுவாள். தினமும் ஒரே வரியில்தான் முடிப்பாள்: மிஷினுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தரை அனுப்பும், ஆண்டவரே. அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடப் பொறுமை கிடையாது. அப்படியென்றால் அந்த ஒருத்தர் நான்தான் என்று சின்ன வயசிலேயே முடிவு கட்டிவிட்டேன். இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான். இதை அன்றைக்குத்தான் முதல்முதலாக அக்காவிடம் சொன்னேன்.

அக்கா மடிப்பதை நிறுத்தினாள்.

"டேய், அம்மா சொன்னது மிஷன்டா. மிஷின் இல்ல."

நான்தான் அம்மாவோடு சேர்ந்து அந்த வரியைக் கத்திக் கத்திச் சொல்வேனே, அம்மாவுக்குத் தெரியாமலா இருந்தது என்று கேட்டேன். தெரியும் என்றாள். தப்பாகச் சொல்கிறான், திருத்தட்டுமா என்று அக்காவே ஒருநாள் அம்மாவிடம் கேட்டாளாம்.

"விடு, அவன் சொல்றபடி சொல்லட்டும், கேக்குறவருக்குப் புரியும்னு சொன்னாங்க."

நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜெபம் பண்ணும் நாளும் வந்தது. என் முறை வந்ததும் எழுந்தேன். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. முன்வரிசையில் சுருதி கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு ரொம்ப வயசாகிவிட்டிருந்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடாமல் அப்படியே முழங்கால் போட்டேன். போட்டதும் வாய் தானாகத் திறந்தது.

"ஆண்டவரே, மிஷினுக்கு எங்க வீட்டுல இருந்து ஒருத்தரை அனுப்பும்."

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பழையபடியே சொல்லித் தொலைத்தது அப்புறம்தான் உறைத்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று தலையைத் தூக்காமல் இருந்தேன்.

சுருதி எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. ஒன்று ஆமென் சொல்வார், இல்லை வேறு ஆளைப் பாருங்கள் என்பார் என்று காத்திருந்தேன். அவர் இரண்டும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மாவின் பாட்டை எடுத்தார். முதலிலிருந்து எடுக்கவில்லை. அன்றைக்கு விட்ட கடைசிச் சரணத்தை, அம்மா மிதிக்கிற அதே நிதானத்தில் பாடினார். கூடவே பாட எனக்கு ஆசைதான், அழுகைதான் வந்தது.